துருவித் துருவி ஒரு துதி

யாருக்காவது ஒரு பொன்னாடை போர்த்திவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. ஆள் கிடைத்துவிட்டார், தோள்தான் கிடைக்கவில்லை. ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் கம்பைலருக்குத் தோள் என்று ஒன்று கிடையாது. சரி, அது குடியிருக்கும் லேப்டாப்புக்காவது போர்த்தலாம் என்று பார்த்தால், வேலை மும்முரத்தில் அது விடும் அனலில் ஜரிகை கருகிவிடும். ஆகவே பொன்னாடைக்குப் பதிலாக இந்தக் கட்டுரை.

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். மற்ற மொழிகளின் கம்பைலர்கள் இதை ஏதோ கடமைக்குச் செய்துவிட்டுப் போய்விடும். ரஸ்ட்டின் கம்பைலருக்கு அந்த அலட்சியம் வராது. ஒரு வரியை மாற்றினாலும் ஊரைக் கூட்டி, உறவைக் கூட்டி, பந்தக்கால் நட்டுத்தான் ஆரம்பிக்கும். ஒரு காரியத்துக்கு உரிய மரியாதையைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர், பயிரைத் தாக்கும் துரு நோய்ப் பூஞ்சையை நினைத்து இந்தப் பெயரை வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். எதற்கும் அசராமல் பிழைத்துக் கிடக்கும் உயிர் என்று அதன்மேல் அவருக்கு மதிப்பு. தமிழில் நமக்கு அதைவிடப் பொருத்தமான அர்த்தம் அமைந்துவிட்டது. துருவித் துருவிக் கேட்பதுதான் இதன் தொழில்.

பிறந்த கதையும் அழகானது. 2006-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஹோர் வீட்டுக்குத் திரும்புகிறார். லிப்ட் ஓடவில்லை. அதன் மென்பொருள் படுத்துவிட்டது. வீடு 21-ஆவது மாடியில். படியேறுகிறார். ஒரு லிப்ட்டைக்கூடப் படுக்காமல் ஓட்ட முடியவில்லையே என்ற எரிச்சலில், நினைவகத் தவறுகளுக்கு இடமே கொடுக்காத ஒரு மொழியை எழுத உட்கார்ந்தார். எங்கள் அலுவலகம் நாலாவது மாடியில். நிரலை முழுக்கக் கட்டும் பில்டு ஒன்றைத் தட்டிவிட்டுப் படியிறங்கி, டீ குடித்து, படியேறி வந்து உட்கார்ந்தால் அது முடிகிற தறுவாயில் இருக்கும். ஒரு மனிதரை ஒருநாள் படியேற்றிய பாவத்துக்குப் பரிகாரமாகப் பிறந்த மொழி, இன்று என்னைத் தினம் நான்கு தடவை படியேற வைத்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறது. என் சர்க்கரை குறைந்ததற்கு டாக்டர் மாத்திரையைக் காரணம் சொல்கிறார். அவருக்கு ரஸ்ட் தெரியாது.

கீழே டீக்கடை அண்ணனுக்குத் தெரியும்.

"என்ன தம்பி, மறுபடியும் ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"புதுசு ஒண்ணு வந்திருக்கு, இனிமே வேகமா ஓடும்னு போன மாசம் சொன்னியே?"

"வேகமாத்தான் ஓடுதுண்ணே. தூரமும் கூடிப்போச்சு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பால் விலை ஏறும்போது டம்ளரைச் சின்னதாக்கத் தெரிந்தவருக்கு இது புரியாதா?

2015 மே 15-இல் 1.0 பதிப்பு வந்தது. அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, கெடு தவறாமல். இவ்வளவு ஒழுங்கு எங்கள் தெருவில் குப்பை வண்டிக்குக்கூடக் கிடையாது. கம்பைலரை வேகமாக்குவதற்கென்றே உட்கார்ந்திருக்கும் கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு சதவீதம், அங்கே அரை சதவீதம் என்று தங்க ஆசாரி போலச் சுரண்டிச் சுரண்டிச் சேர்க்கிறார்கள். கண்துடைப்பு இல்லை, ஒவ்வொன்றும் அளந்து பார்த்த உண்மை. ஆனாலும் பத்து வருஷச் சதவீதங்களைக் கூட்டினால் என் பில்டு நான் தட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அகவிலைப்படி மாதிரிதான் இதுவும். உயர்வு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும், கையில் மிஞ்சுவது அப்படியே இருக்கும். எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. வேகம் கூடக் கூட நாம் இன்னும் பத்து நூலகங்களை இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். அந்தத் தப்பு நம்முடையது. இந்த மொழியில் தப்பு எப்போதும் நம்முடையதுதான். போகப் போகப் பழகிவிடும்.

காத்திருக்கிறவன் மனம் நோகக் கூடாது என்று எடுத்த முயற்சிகளைச் சொல்லாமல் விட முடியாது. 2017 மார்ச்சில் 1.16 பதிப்போடு, ரஸ்ட்டின் கட்டுமானக் கருவியான கார்கோவில் 'கார்கோ செக்' என்ற கட்டளை வந்தது. நிரலை முழுக்க வாசித்து, வகைகள் பொருந்துகின்றனவா, உரிமைகள் சரியா என்று எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஓடக்கூடிய எதையும் தராமல் எழுந்து போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டு, ஜாதகத்தைப் புரட்டிப் பார்த்து, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்புவார்களே, அந்தப் பண்பாடு. இன்று ரஸ்ட் எழுதுகிறவர்கள் நாளின் பெரும்பகுதியைப் பெண் பார்க்கும் படலத்திலேயே கழிக்கிறோம். கல்யாணம் ராத்திரி, சர்வரில், எங்களுக்குத் தெரியாமல் நடக்கிறது.

இதையெல்லாம்விட என்னை உருக்கியது இன்கிரிமென்டல் கம்பைலேஷனின் சரித்திரம். முன்பு கட்டியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் மறுபடி கட்டுவது அதன் வேலை. 2018 பிப்ரவரியில் 1.24 பதிப்பில் அது எல்லாருக்கும் தானாகவே இயங்கத் தொடங்கியது. 2021 மே 6-இல் 1.52 வந்தபோது, பழைய ஞாபகம் சரிதானா என்று சோதிக்கும் ஒரு பரிசோதனையும் கூடவே வந்தது. சோதித்ததும் குட்டு வெளிப்பட்டது. முன்பு போட்ட கணக்கும் இப்போது போடும் கணக்கும் சில இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாத இடத்தில் கம்பைலர் தன் உள்ளே கோளாறு என்று அறிவித்துவிட்டு மயங்கி விழுந்தது. நான்கே நாளில், மே 10-ஆம் தேதி, 1.52.1 வந்தது. அதில் இன்கிரிமென்டல் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகியிருந்தது.

ஜூலைக் கடைசியில் 1.54-இல் மறுபடி பதவியேற்பு. 2022 பிப்ரவரியில் 1.59-இல் இன்னொரு வழு, இன்னொரு ராஜினாமா. ஏப்ரலில் 1.60-இல் மூன்றாவது பதவியேற்பு. ஒரு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் இரண்டு தடவை தார்மிகப் பொறுப்பு. நம் அனுபவத்தில் தார்மிகப் பொறுப்பேற்று விலகியவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிச்சமிருக்கும். தவறான பதிலை வேகமாகச் சொல்வதைவிடச் சரியான பதிலை மெதுவாகச் சொல்வது மேல் என்ற கொள்கைக்காக அந்த நாட்களில் நானும் சேர்ந்து தியாகம் செய்தேன். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டு, முழு நிரலும் அடியிலிருந்து கட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீக்கடையில் எனக்குக் கணக்கு நோட்டு திறந்தது அப்போதுதான்.

பிழைச் செய்திகளுக்கு வருவோம். இந்தத் துறையில் ரஸ்ட்டை மிஞ்ச ஆளில்லை, இதை ஒரு பொடியும் வைக்காமல் சொல்கிறேன். 2016-இல் செய்திகளின் வடிவத்தையே மாற்றி, தவறான இடத்துக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, அடியில் யோசனையும் சொல்லும்படி செய்தார்கள். வேறு மொழிகளில் 'வரி 40: தவறு' என்று கடித்துத் துப்புகிற இடத்தில், இது உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசும். பெரும்பாலான பிழைகளுக்கு ஒரு எண் உண்டு, எல்லாம் 'ஈ' என்ற எழுத்தில் தொடங்கும். ஈ0382, ஈ0499, ஈ0502. எழுத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டமைப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள், பலாச்சுளையைத் திறந்து வைத்த மாதிரி மொய்க்கும்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ஒரு பட்டியலில் எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், பெரிய எண் வந்தால் அதே பட்டியலின் கடைசியில் இன்னொரு எண்ணைச் சேர்க்க வேண்டும். ஐந்து வரி. வருவது ஈ0502. பட்டியலின் பெயருக்குக் கீழே ஒரு கோடு: பார்ப்பதற்காக இங்கே கடன் வாங்கினாய், அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. சேர்க்கும் வரிக்குக் கீழே இன்னொரு கோடு: திருத்துவதற்காக இங்கே மறுபடி கடன் கேட்கிறாய். இரண்டும் ஒரே நேரத்தில் ஆகாது.

பத்திரம் பதியப் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சொத்து ஒருவர் பேரில்தான் இருக்க வேண்டும். எத்தனை பேர் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், ஆனால் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் சுவரை இடிக்கக் கூடாது. கம்பைலருக்குள் உட்கார்ந்திருக்கும் கடன் சோதனையாளர் ஒவ்வொரு மாறிக்கும் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நியாயம்தான். இடித்திருந்தால் நினைவகம் இடம் மாறி, பார்த்துக்கொண்டிருந்தவர் தலையில் விழுந்திருக்கும். பழைய மொழிகளில் அப்படி விழுந்த கற்களின் வடு இன்னும் பலர் தலையில் இருக்கிறது. எனக்குக் குறையே இல்லை. ஒரே பட்டியல், ஒரே ஆள், வேறு யாரும் பக்கத்தில்கூட இல்லை என்று தெரிந்திருந்தும், என் வீட்டில் நான் ஆணி அடிக்க என்னிடமே தடையில்லாச் சான்று கேட்கும் நேர்மையை வேறு எங்கே பார்க்க முடியும்?

யோசனை சொல்வதிலும் கஞ்சத்தனம் கிடையாது. கடன் சிக்கல் முற்றினால், ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாமே என்று அதுவே எடுத்துக் கொடுக்கும். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், கூடவே வரும் கிளிப்பி என்ற உடன்பிறப்பு காத்திருக்கும். நல்ல பழக்கவழக்கங்களுக்கென்று 750-க்கு மேற்பட்ட விதிகள் வைத்திருக்கும் மூத்தவர் அவர். இந்த வகைக்கு நகல் தேவையே இல்லை, தானாகவே நகலாகும், ஏன் எழுதினாய் என்பார். ஒரு பங்ஷனுக்கு ஏழு உள்ளீடுகளுக்கு மேல் கொடுத்தால் இவ்வளவு எதற்கு என்பார். கண்டிப்பான அப்பாவும் குறை சொல்லும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் அமைவது கொடுப்பினை.

ஒருமுறை ஆவணம் ஒன்றிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினேன். அதிலிருந்த மேற்கோள் குறிகள் அச்சு அழகுக்காக வளைந்தவை. கம்பைலர் உடனே கண்டுபிடித்து, இவை மேற்கோள் குறி மாதிரித் தெரிகின்றன, ஆனால் அவை அல்ல, நீ நினைத்தது இதுவாக இருந்தால் இப்படி எழுது என்று சரியான வரியையே எழுதிக் காட்டியது. நிறுத்திவிட்டது. கிரேக்கக் கேள்விக்குறி பார்வைக்கு அரைப்புள்ளி போலவே இருக்கும். அதை யாராவது விஷமத்துக்கு நுழைத்தால் அதையும் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கும். என்ன வேண்டும் என்று தெரிகிறது, எங்கே வேண்டும் என்று தெரிகிறது, எழுதிக்கூடக் காட்டுகிறது. தொடர்ந்து போகத்தான் மனம் வரவில்லை. விடையை முழுக்கக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "நீயே போடு" என்று சாக்பீஸை நம் கையில் கொடுத்த கணக்கு வாத்தியார் நினைவுக்கு வந்தார். அவரும் நம் நன்மைக்குத்தான் செய்தார்.

தமிழர்களுக்குத் தனியாக ஒரு சலுகையும் உண்டு. 2021 ஜூனில் வந்த 1.53 பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். நான் 'கணக்கு' என்று வைத்தேன், ஏற்றுக்கொண்டது. மாறி என்றால் சின்ன எழுத்து, வகை என்றால் முதலெழுத்து பெரியது, மாறிலி என்றால் முழுக்கப் பெரியது என்று ஆங்கிலப் பெயர்களை அது விரட்டும் விரட்டு தமிழிடம் செல்லவில்லை. நம் எழுத்தில் பெரியது, சின்னது கிடையாது. கம்பைலர் என்னிடம் குறை காண முடியாமல் வாயடைத்து நின்ற ஒரே தருணம் அது. அடுத்த வரியில் பிழை வந்தது. தமிழ் எழுத்தின் அகலத்தை என் டெர்மினல் ஒரு விதமாகவும் அது வேறு விதமாகவும் அளந்ததால், தவறைச் சுட்டும் கோடு இரண்டு எழுத்துத் தள்ளி, பிழையே இல்லாத அடைப்புக்குறியின் கீழே போய் நின்றது. அது மட்டும் என்ன, தப்பே செய்யாமலா இருந்திருக்கும்?

எடிட்டர் பக்கம் போவோம், சமையலறை அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆர்.எல்.எஸ். என்று ஒரு மொழிச் சேவகர் இருந்தார். எடிட்டரில் நாம் எழுத எழுத உதவுவது அவர் பொறுப்பு. கம்பைலரையே கேட்டுக் கேட்டுச் சொன்னதால் அவர் பதில் வருவதற்குள் நாம் அடுத்த கோப்புக்குப் போயிருப்போம். 2018-இல் அலெக்சே கிளாடோவ் தொடங்கிய ரஸ்ட்-அனலைசர் அவருடைய இடத்துக்கு வந்தது. 2022 பிப்ரவரியில் அதிகாரபூர்வமாகக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வந்த 1.65-இல் ஆர்.எல்.எஸ். ஓய்வு பெற்றார். முழுக்கப் போகவில்லை. அவர் இருந்த இடத்தில், கடை மாறிவிட்டது என்ற அறிவிப்பை மட்டும் காட்டும் ஒரு சின்ன நிரலை வைத்தார்கள். பெயர்ப்பலகையோடு பூட்டிக் கிடக்கும் கடைக்கு இவ்வளவு மரியாதை வேறெந்த ஊரில் கொடுப்பார்கள்!

ரஸ்ட்-அனலைசர் கெட்டிக்காரர். வாரா வாரம் புதுப் பதிப்பு. கம்பைலரை ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் தாமதமாகும் என்று, மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையைத் தானே தனியாகச் செய்கிறார். ஆகவே என் லேப்டாப்பில் ரஸ்ட் மொழியை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒரு விஷயத்துக்கு இரண்டு அபிப்பிராயம் கிடைப்பது ஜனநாயகம். எடிட்டரில் சிவப்புக் கோடு இல்லாத வரியில் கம்பைலர் நிறுத்துவதும், சிவப்புக் கோட்டோடு இருக்கும் வரியைக் கம்பைலர் வாயைத் திறக்காமல் விழுங்குவதும் அந்த ஜனநாயகத்தின் அழகு.

மாறியின் வகையை எழுத வேண்டியதில்லை, நானே ஊகித்துக்கொள்கிறேன் என்பது மொழியின் பெருந்தன்மை. அதை எழுதிக் காட்டுகிறேன் என்பது எடிட்டரின் பெருந்தன்மை. ஆகவே நான் எழுதிய வரிகளுக்கு நடுவே, நான் எழுதாத சாம்பல் நிற எழுத்துகள் திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரர்கள் மாதிரி நுழைந்து நிற்கின்றன. சில வரிகளில் அடைப்புக்குள் அடைப்பாக வகைகளின் பெயர் நீண்டு, நான் எழுதியது எது என்று துழாவ வேண்டியிருக்கிறது. ஒருநாள் பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க எவ்ளோ எழுதுறீங்க!" என்றான். மறுக்கவில்லை.

இனி அடுப்பு விவகாரம். கோப்பைச் சேமித்ததும் ரஸ்ட்-அனலைசர் பின்னணியில் ஒரு கார்கோ செக் ஓட்டுவார். அதே நேரம் நான் டெர்மினலில் பில்டு தட்டுவேன். இரண்டு பேருக்கும் வேண்டியது, கட்டியதைச் சேர்த்து வைக்கும் அதே 'டார்கெட்' போல்டர். முதலில் போனவர் பூட்டிக்கொள்வார். அடுத்தவர் வாசலில் நின்று, போல்டரின் பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒற்றை வரியை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பு. அதிலும் இருவருக்கும் கட்டளைக் கொடிகளோ அமைப்போ கொஞ்சம் வேறாக இருந்துவிட்டால், இவர் வைத்த குழம்பை அவர் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பார், அவர் வைத்ததை இவர் கொட்டுவார். நடுவில் நான், பசியோடு.

இதற்கும் வழி செய்து வைத்திருக்கிறார்கள். அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் அனலைசருக்குத் தனி போல்டர். தனிக்குடித்தனம் வைத்த மறுநாளே சண்டை ஓய்ந்தது. இரண்டு வீட்டு வாடகை, இரண்டு சிலிண்டர், இரண்டு மிக்ஸி. ஒரே நூலகத்தை இருவரும் தனித்தனியாக அரைத்தார்கள். டிஸ்க் நிறைந்துவிட்டதாக லேப்டாப் சொன்னபோது டார்கெட் போல்டரைத் திறந்து பார்த்தேன். என் நிரல் ஒரு எம்பியைத் தொடவில்லை. அதன் கட்டுமான மிச்சம் இருபது ஜிபியைத் தாண்டியிருந்தது. ஒரு குடம் தண்ணீர் இறைத்ததற்குச் சான்றாக ஒரு ஏரியையே பத்திரப்படுத்தி வைத்திருந்தது. 2025 ஜூனில் வந்த 1.88-இல் தானாகச் சுத்தம் செய்யும் வசதி வந்ததாகப் படித்து ஓடி வந்து பார்த்தேன். மூன்று மாதமாகத் தொடாத இறக்குமதிகளைத் தானே பெருக்கித் தள்ளிவிடுகிறது. பொதுக் கிடங்கில் மட்டும். டார்கெட் போல்டரை அது தொடாது. வாசல் பளிச்சென்று இருக்கிறது, கொல்லைப்புறம் நம் பொறுப்பு.

முன்பெல்லாம் ஒரு நூலகம் வேண்டும் என்றால் நூலகங்களை வைத்திருக்கும் கிரேட்ஸ்.ஐஓ கிடங்கின் மொத்தப் பட்டியலையும் கார்கோ இறக்கிக்கொள்ளும். கால் கிலோ கடுகு வாங்கப் போனவனிடம் மளிகைக் கடையின் முழு இருப்புப் பேரேட்டையும் கட்டிக் கொடுத்தனுப்புவது போல. 2023 ஜூனில் 1.70 பதிப்பிலிருந்து கடுகுக்கான பக்கத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1.0 வந்து எட்டே வருஷம். இதில் கிண்டலுக்கு இடமில்லை. எத்தனையோ கடைகள் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை.

எட்டு வருஷம் என்றதும் இன்னொன்று. ஒரே கணினியின் பல கோர்களை ஒரே நேரத்தில் அச்சமின்றி வேலை வாங்கலாம் என்பது ரஸ்ட் தொடக்கத்திலிருந்தே மார்தட்டும் பெருமை. அந்த அச்சமின்மையை எங்களுக்கெல்லாம் கற்றுக் கொடுத்த கம்பைலரின் முன்பாதி மட்டும் ஒரே இழையில் ஓடிக்கொண்டிருந்தது. நிரலை வாசித்து, வகை பார்த்து, கடன் சோதிப்பதெல்லாம் அந்தப் பாதிதான். பல இழைகளில் ஓடும் முன்பாதி தயார், சில இடங்களில் நேரம் பாதிவரை குறையும் என்று 2023 நவம்பரில் அறிவிப்பு வந்தது. அதுவும் நைட்லி என்ற சோதனைப் பதிப்பில், ஒரு கொடியை ஏற்றினால். ஊருக்குச் சொன்ன உபதேசத்தைத் தன் வீட்டில் நடைமுறைப்படுத்தும் முன் இத்தனை காலம் யோசித்த நிதானத்தை மெச்ச வேண்டும். என் எட்டுக் கோர் லேப்டாப்பில் கடைசிப் பெரிய கிரேட், அதாவது நிரல் தொகுப்பு, கட்டப்படும் கட்டத்தை மானிட்டரில் பார்த்திருக்கிறேன். சாலையில் பள்ளம் தோண்டும் இடம் மாதிரி இருக்கும். ஒருவர் கையில் கடப்பாறை, ஏழு பேர் மேற்பார்வை.

கடன் சோதனையாளருக்கு ஒரு வாரிசும் தயாராகிக்கொண்டிருக்கிறார். பெயர் பொலோனியஸ். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில், கடன் வாங்காதே, கொடுக்காதே என்று மகனுக்குப் புத்தி சொல்லும் பெரியவர். அகராதி ஒன்றில் ஒரு சொல்லைத் தேடு, இருந்தால் எடுத்துக் கொடு, இல்லையென்றால் சேர்த்துவிட்டுக் கொடு என்று ஒரு பங்ஷன் எழுதினால், அதில் தவறே இல்லாவிட்டாலும் சில வடிவங்களை இப்போதைய சோதனையாளர் நிராகரிப்பார். நம் மேல் குற்றமில்லை, அவருக்குத்தான் இன்னும் புரியவில்லை. பொலோனியஸ் வந்தால் புரிந்துகொள்வார் என்று 2018-இலிருந்து சொல்கிறார்கள். நாடகத்தில் அந்தப் பெரியவர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார். இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்கத் தெரிந்தவர்களை நான் சந்தேகிக்க மாட்டேன்.

இத்தனை பெருமைகள் இருக்க, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் நிரலர்கள் மிகவும் விரும்பும் மொழியாக 2016 முதல் ரஸ்ட் முதலிடத்தில் இருப்பதில் வியப்பில்லை. தர்ம தரிசன வரிசையில் ஐந்து மணி நேரம் நின்று கும்பிட்டவரிடம் கோவில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் இல்லாத கோவிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். காத்திருந்து பெற்ற பைனரியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவன் வேறு சந்நிதிக்குப் போவதில்லை.

2025 செப்டம்பர் 18-இல் வந்த 1.90 பதிப்பைச் சொல்லி முடிக்கிறேன். கம்பைலர் தன் வேலையை முடித்த பிறகு துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவது லிங்கர். பழைய லிங்கருக்குப் பதிலாக எல்.எல்.டி.யை இயல்பாக்கினார்கள். ரிப்கிரெப் என்ற தேடல் கருவியில் சின்ன மாற்றம் செய்து மறுபடி கட்டிப் பார்த்ததில் ஒட்டும் வேலை ஏழு மடங்கு வேகம், மொத்த நேரத்தில் 40 சதவீதம் மிச்சம். பல வருஷமாக விஷயம் தெரிந்தவர்கள் நாலு வரி அமைப்பு எழுதித் தங்கள் வீட்டில் அதைத்தான் வைத்திருந்தார்கள். ஊரே நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைக்குச் சாலை என்று பெயர்ப்பலகை நட்டதும் ஒரு சாதனைதான். சலுகை எக்ஸ்86-64 லினக்ஸுக்கு. எங்கள் அலுவலகத்தில் கொடுத்திருப்பது விண்டோஸ். பக்கத்து வீட்டுக் கல்யாணமானால் என்ன, வாசலில் நின்று கைதட்டினேன்.

தட்டிய கையோடு என் லேப்டாப்பிலும் அந்தப் பதிப்பை இறக்கினேன். லிங்கர் கிடைக்காவிட்டாலும் சில்லறைச் சதவீதங்கள் கிடைக்குமே. பதிவிறக்கம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பழைய கம்பைலர் கட்டி வைத்த எதையும் புதிய கம்பைலர் தொடாது. அது எச்சில் இலை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேகம் கூடிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்த வேகத்தை அனுபவிக்க அஸ்திவாரத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரு தடவை கட்ட வேண்டும். பில்டு தட்டினேன். முதல் கிரேட்டின் பெயர் திரையில் வந்தது. பக்கத்தில் 1-இன் கீழ் 412 என்று எண்ணிக்கை.

பர்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவைத் தாண்டுவதற்குள் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு டம்ளரை அலச ஆரம்பித்திருந்தார்.

"புதுசா தம்பி?"

"புதுசுண்ணே."

"அப்ப வடையும் போடட்டுமா?"